பேரேட்டில் ஆற்றுக்கு ஒரு பக்கம்

தாபோடி, போபோடி, கட்கி, பிம்ப்ரி வட்டாரங்களில் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், இங்குள்ள நம் ஆலய நிர்வாகக் குழுவினருக்கும், சங்கங்களின் காரியதரிசிகளுக்கும் பொருளாளர்களுக்கும்:



ஆடித் திருவிழா முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரவு செலவுக் கணக்கை வாசிப்பதற்காக நீங்கள் கோயிலில் கூடுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையில், மேளக்காரருக்குக் கொடுத்தது, பூக்காரருக்குக் கொடுத்தது, ஜெனரேட்டருக்கும் மைக் செட்டுக்கும் ஆனது, அன்னதானத்துக்கு ஆனது என்று ஒவ்வொன்றாகப் படித்து முடித்துக் கையிருப்பு இவ்வளவு என்று சொல்லிப் பொருளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றும் தறுவாயில், அந்தக் கையிருப்பிலிருந்து முளா நதியின் பேருக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும் என்று விண்ணப்பம் செய்துகொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நதிக்குச் செலவிட நகரசபைகள் இருக்கின்றன, மாநில சர்க்கார் இருக்கிறது, மத்திய சர்க்கார் இருக்கிறது, ஜப்பான் தேசத்துக் கடன்கூட இருக்கிறது. அவ்வளவும் இருக்க, கூழுக்கும் கரகத்துக்கும் வீடு வீடாக வசூலித்த காசில் கை வைப்பது என்ன நியாயம் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்லப் புகுந்ததனால்தான் மடல் இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுமையோடு படித்தருள வேண்டுகிறேன்.

சஹ்யாத்திரி மலையில் முள்ஷிப் பக்கத்தில் பிறந்து வருகிற முளாவும், லோணாவளாவுக்குத் தெற்கே பிறந்து மாவளப் பிரதேசத்தைக் கடந்து, சிஞ்சுவட்டில் மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலை ஒட்டிக்கொண்டு வருகிற பவனாவும் நம் தாபோடியில்தான் ஒன்றாகக் கலக்கின்றன. கலந்த ஜலம் ஹாரிஸ் பாலத்தின் கீழே நுழைந்து, கட்கியைக் கடந்து, பூனா சங்கமத்தில் முட்டாவையும் சேர்த்துக்கொண்டு, முளா–முட்டா என்ற இரட்டைப் பெயரோடு பீமாவில் விழுகிறது; உஜனி நீர்த்தேக்கத்தில் தங்குகிறது; அதற்கும் அப்பால் பண்டரிபுரத்தில் சந்திரபாகா என்று பெயர் பூண்டு பாண்டுரங்கன் சந்நிதியை வளைத்துக்கொண்டு ஓடி, முடிவில் கிருஷ்ணையோடு ஐக்கியமாகிறது. விட்டலன் நாமத்தைச் சொல்லித் தாளம் தட்டுகிற நம் பஜனை கோஷ்டியார், அவன் சந்நிதிக்குப் போகிற ஜலத்தில் ஒரு பாகம் தங்கள் தெருக்கோடியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த ஆற்றுக்கும் பணத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. முள்ஷியில் டாடா கம்பெனியார் மின்சார உற்பத்திக்காக அணை கட்ட முனைந்தபோது, நிலம் முழுகப்போகிற மாவளத்து விவசாயிகள் 1921ஆம் ஆண்டு முதல் மூன்று வருஷகாலம் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள் என்பதும், அதற்குத் தலைமை தாங்கியதனாலேயே பாண்டுரங்க மகாதேவ் பாபட் என்பவர் சேனாபதி பாபட் என்று மகாராஷ்டிரம் முழுவதும் அறியப்பட்டார் என்பதும் உங்களில் மூத்தவர்கள் அறிந்திருக்கக்கூடிய சரித்திரமே. போராட்டம் தோற்றது, அணை எழும்பியது. அன்று முதல், இயற்கையாகக் கிழக்கே ஓடி நம் பக்கம் வந்திருக்க வேண்டிய ஜலத்தில் ஒரு பெரும்பாகம் மலையின் மேற்குச் சரிவில் இறக்கப்பட்டு, கொங்கணத்தில் பீரா என்னும் இடத்து மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுச் சமுத்திரத்தை நோக்கிப் போய்விடுகிறது. ஆகவே மழைக்காலம் நீங்கலாக மற்ற மாதங்களில் தாபோடிக்கு வந்து சேருகிற முளாவில் மலையின் ஜலம் சொற்பம், நகரத்தின் கழிவு ஜலமே அதிகம் என்பதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

தாபோடிக்கு இன்னொரு பழங்கதையும் உண்டு. விஷயத்தோடு சம்பந்தமுள்ளதாகையால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1828ஆம் ஆண்டு வாக்கில், பம்பாய் கவர்னராயிருந்த சர் ஜான் மால்கம் காலத்தில், இங்கே இருந்த ஒரு பங்களாவும் அதைச் சேர்ந்த நிலமும் சர்க்கார் வசமாகி, அங்கே ஒரு தாவரத் தோட்டம் ஏற்படுத்தப்பட்டது. 1838 முதல் அதற்கு அதிகாரியாயிருந்த டாக்டர் அலெக்ஸாண்டர் கிப்ஸன், பிற்பாடு 1847இல் பம்பாய் ராஜதானியின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர். காடுகளை அழித்தால் ஊற்றும் ஓடையும் வற்றும் என்று அந்தக் காலத்திலேயே சர்க்காரை எச்சரித்தவர்களில் ஒருவர். அவர் ஏற்பாட்டின் பேரில் பெயர் தெரியாத ஓர் ஓவியர் இங்கே வளர்ந்த செடிகொடிகளைப் பார்த்து வரைந்த வர்ணச் சித்திரங்கள் இன்றும் எடின்பரோ நகரத் தாவரத் தோட்டத்தின் சேகரத்தில், தாபோடியின் பெயராலேயே, பத்திரமாக இருக்கின்றன. தோட்டம் என்னவாயிற்று என்றால், 1860களில் சர்க்கார் அந்த இடத்தைக் கைவிட்டது; அதோடு தோட்டமும் போயிற்று. செடிகள் ஒரே நாளில் பட்டுப்போயிரா. தண்ணீர் இறைத்த ஆட்களுக்கும் களை பறித்த ஆட்களுக்கும் மாதந்தோறும் கூலி கொடுத்துவந்த ஒரு சிறு செலவினம் ஏட்டிலிருந்து நீங்கியதும், தோட்டம் என்பது மீண்டும் வெறும் நிலமாகிவிட்டது.

இப்போதுள்ள ஆற்றை நீங்கள் தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் கடந்துகொண்டிருப்பதால் அதை வர்ணிப்பது அவசியமில்லைதான்; ஆயினும் கடந்து போகிறவர்கள் மேலிருந்து பார்ப்பது ஒன்று, கரையில் இறங்கி நின்று பார்ப்பது வேறொன்று. மாசி, பங்குனி மாதங்களில், நாம் ஆகாயத்தாமரை என்றும் மராத்தியர் ஜல்பர்ணி என்றும் சொல்கிற அந்தக் கொழுத்த இலைச்செடி, ஊதாப் பூக்களோடு கரைக்குக் கரை மூடிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ செழிப்பான பயிர் என்ற பிரமையை உண்டாக்குகிறது. வெண்கொக்குகள் அதன்மீது நடந்தே ஆற்றைக் கடக்கின்றன. கிட்டே போய் ஒரு கழியால் அந்தச் செடிக்கூட்டத்தைச் சற்று விலக்கினால், அடியில் தார்போன்ற ஜலமும், சேற்றிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து உடைகிற குமிழ்களும், மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றமும்தான். சாக்கடையோடு வந்து சேருகிற சத்துக்களைத் தின்றே அச்செடி இப்படிப் பெருகுகிறது. பெருகி வெயிலை மறைக்கிறது. மறைத்தபின் தானே அழுகி, ஜலத்தில் எஞ்சியிருந்த பிராணவாயுவையும் உறிஞ்சிவிடுகிறது. மீன் போய்விடுகிறது, கொசு வந்துவிடுகிறது. பிற்பாடு நகரசபையின் யந்திரம் வந்து செடியை வாரிக் கரையில் குவித்துவிட்டுப் போகும். குவித்ததை உடனே அப்புறப்படுத்தாவிட்டால் முதல் மழையில் அதில் பாதி சரிந்து ஆற்றுக்கே திரும்பும். மறுவருஷம் மறுபடியும் ஒப்பந்தம், மறுபடியும் யந்திரம்.

அதே கரையில் அரசமரத்தடியிலும் படித்துறையிலும் கிடப்பவற்றை எண்ணிப் பார்த்தால் நமக்கே சங்கடமாயிருக்கும். பாலிதீன் பையில் கட்டியபடியே எறியப்பட்ட பூமாலைகள், கண்ணாடி உடைந்த சுவாமி படங்கள், எலுமிச்சை மாலை, முளைப்பாரிச் சட்டிகள், நைலான் ஜரிகை போட்ட அம்மன் புடவைகள் எல்லாம் அங்கே உண்டு. மற்றவர்கள் எறிவதும் நிறைய இருக்கிறது. ஆனால் முளைப்பாரிச் சட்டி யாருடையது என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதில் இன்னொரு விநோதம், ஆட்சி எல்லைகளைப் பற்றியது. ஹாரிஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் தாபோடி, பிம்ப்ரி–சிஞ்சுவட் மாநகராட்சியைச் சேர்ந்தது. அந்தப் பக்கம் போபோடி, பூனா மாநகராட்சியைச் சேர்ந்தது. சற்றே கீழே போனால் கட்கி கண்டோன்மெண்ட். கரையையொட்டி ராணுவத்துக்குச் சொந்தமான நிலங்கள். ஒரே ஆற்றின் இரண்டு கரைகளுக்கும் இரண்டு கமிஷனர்கள், இரண்டு பட்ஜெட்டுகள், இரண்டு விதமான திட்டங்கள். ஜல்பர்ணி மிதந்து வந்து பாலத்தடியில் அடைத்துக்கொண்டால் அது எந்த ஆபீசின் செடி என்று தீர்மானிப்பதற்குள் கோடை முடிந்துவிடும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன்.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் மாசடைந்த நதிப்பகுதிகள் 351; அவற்றில் மகாராஷ்டிரத்தில் மட்டும் 53. 2022இல் மறுபடி கணக்கெடுத்தபோது தேசத்தில் எண்ணிக்கை 311 ஆகக் குறைந்தது. மகாராஷ்டிரத்திலோ 55 ஆக உயர்ந்தது. நம் முளாவும் பவனாவும் அப்பட்டியலுக்குப் புதியவை அல்ல. இதைச் சர்க்கார் அறியாமலில்லை, பணம் ஒதுக்காமலும் இல்லை. பூனா நகரத்துக் கழிவு ஜலத்தைச் சுத்திகரிப்பதற்காக 11 நிலையங்கள், நாளொன்றுக்கு 39.6 கோடி லிட்டர் கொள்ளளவு என்று திட்டமிட்டு, 990.26 கோடி ரூபாய் மதிப்பிட்டு, அதன் பொருட்டு 2016 ஜனவரியில் ஜப்பானியக் கடனுதவி ஸ்தாபனமான ஜைகாவோடு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. கடனுக்கு வட்டி நூற்றுக்கு 0.30, திருப்பிக் கொடுக்கத் தவணை 40 வருஷம். இதைவிடச் சுலபமான கடன் நம்மில் எவருக்கும் எந்த வங்கியிலும் கிடைக்கப்போவதில்லை. வேலை முடிய வேண்டிய கெடுவாகிய 2022 ஜனவரி வந்தது, போயிற்று, வேலை முடியவில்லை.

அதே 2022 மார்ச் மாதத்தில், 44 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றங்கரையை அழகுபடுத்தும் திட்டத்துக்குப் பிரதம மந்திரி பூனாவுக்கு வந்து அடிக்கல் நாட்டினார். அகமதாபாத்தின் சபர்மதிக் கரையை முன்மாதிரியாகக் கொண்ட அந்தத் திட்டத்தின் மதிப்பு 4,727 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. நம் பிம்ப்ரி–சிஞ்சுவட் மாநகராட்சியும் பின்தங்கவில்லை: முளாக் கரைத் திட்டத்துக்காக 2023இல் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டது, கேட்ட தொகைக்கு மேலேயே முதலீட்டாளர்கள் கொண்டுவந்து கொட்டினார்கள். கரையில் நடைபாதை, தடுப்புச் சுவர், படிக்கட்டு, விளக்குக் கம்பம் ஆகியவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலையில் உலாவப் பெரியவர்களுக்கு ஓரிடம் வேண்டியதுதான். ஆனால் அதன் பொருட்டுக் கரையிலிருந்த முதிர்ந்த மரங்கள் போகின்றன என்றும், ஆறு பெருகுவதற்கு இருந்த இடம் சுருங்குகிறது என்றும் பூனாவாசிகள் பலர் ஆட்சேபித்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள்; 2023 ஏப்ரல் மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்; 2025இல் பிம்ப்ளே நிலக்கில் இயந்திரங்கள் கரையில் இறங்கியபோதும் அங்குள்ள ஜனங்கள் அவ்வாறே எதிர்த்தார்கள். என் அபிப்பிராயமும் அவர்கள் பக்கமே என்பதை மறைப்பானேன்? 2019 ஆகஸ்டில் அணைகளைத் திறந்துவிட்டபோது தாபோடியிலும் சாங்வியிலும் தாழ்ந்த இடங்களிலிருந்த குடும்பங்கள் நள்ளிரவில் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போனதை அறிந்தவர்கள், ஆற்றின் அகலத்தில் ஒரு முழம் குறைப்பதற்குக்கூடச் சம்மதிப்பது கஷ்டம்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த விவாதம் அன்று. இந்தப் பெருந்தொகைகள் யாவும் ஒரே சுபாவமுடையவை என்பதையே கவனிக்கும்படி கேட்கிறேன். அவை கட்டுவதற்காக வருகிற பணம். கட்டி முடித்துத் திறப்புவிழா நடந்ததும் நின்றுவிடுகிற பணம். ஆறோ, கட்டி முடிக்கக்கூடிய வஸ்து அன்று. கரையில் மரம் நடுவதற்கு எந்த ஸ்தாபனமும் பணம் கொடுக்கும். மந்திரி வருவார், பத்திரிகையில் படமும் வரும். நட்ட செடிக்கு மாசி முதல் வைகாசி வரை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் கூலி கொடுக்க ஒருவரும் முன்வருவதில்லை. இரண்டு கோடைகளுக்கு அந்தத் தண்ணீர் கிடைத்துவிட்டால், உம்பர் என்று இங்கே சொல்லப்படும் அத்தியும், கரஞ்ச் என்னும் புங்கமும், வாளுஞ்ச் என்னும் ஆற்றுப்பாலையும், நீர்மருதும் அப்புறம் யார் தயவும் இல்லாமல் தாமே வேரோடிக் கரையைப் பிடித்துக்கொள்ளும். ஜல்பர்ணி ஆறு முழுவதும் மூடியபின் அதை வாருவதற்கு யந்திரமும் ஒப்பந்தமும் உண்டு. தை மாதத்தில் கரையோரத்து மடுவில் அது கைப்பிடி அளவாக இருக்கும்போதே வாரம் ஒருமுறை போய்ப் பறித்து எறிவதற்கு இரண்டு பேருக்குக் கூலி கிடையாது. ஜலத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று மாதந்தோறும் சோதித்து எழுதி வைக்கச் சொற்பச் செலவில் முடியும்; அந்தக் குறிப்பு ஒன்று தொடர்ந்து இருந்தால் நாலா என்று இங்கே சொல்லப்படும் எந்தக் கழிவோடையில் என்றைக்கு என்ன கலந்தது என்று அதிகாரியிடம் ஆதாரத்தோடு பேசலாம்; அதற்கும் நம்மைப் போன்றவர்களுக்குப் பணம் தருவார் இல்லை. கோடிகளுக்கு வழி இருக்கிறது. இந்த ஆயிரங்களுக்குத்தான் வழி இல்லை.

கம்பெனிகள் கொடுக்கலாமே என்பீர்கள். பிம்ப்ரியிலும் போசரியிலும் உள்ள கம்பெனிகளில் வேலை பார்க்கிற உங்கள் பிள்ளைகளே இதை எனக்கு விவரமாகச் சொல்லக்கூடியவர்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சொத்தோ வியாபாரமோ லாபமோ உள்ள கம்பெனிகள், முந்தின மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக காரியங்களுக்குச் செலவிட்டாக வேண்டும். சுற்றுப்புறச் சூழலைப் பாதுகாப்பதும் அந்தக் காரியங்களில் ஒன்று. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பணத்தைப் பெற்றுச் செலவிட விரும்பும் சங்கம் பதிவு செய்யப்பட்டதாயிருக்க வேண்டும், வருமானவரிச் சட்டத்தின்படி உரிய அங்கீகாரங்கள் பெற்றிருக்க வேண்டும், 2021 ஏப்ரல் முதல் மத்திய சர்க்காரிடம் தனியாகவும் பதிந்துகொண்டிருக்க வேண்டும், அதற்கும் மேலாக அதே விதமான வேலையை மூன்று வருஷமாவது செய்துவந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு கரைக்கு வருகிற பத்துப் பேருக்கு இவற்றில் எதுவும் இராது. ஆகவே கம்பெனிப் பணம் அவர்களைத் தாண்டிக்கொண்டு, இங்கிலீஷில் அறிக்கை தயாரிக்கத் தெரிந்த பெரிய ஸ்தாபனங்களுக்குப் போய்விடுகிறது. மூன்று வருஷ அத்தாட்சி உள்ளவர்களுக்கே பணம் என்றால், அந்த முதல் மூன்று வருஷத்துக்குப் பணம் யார் கொடுப்பது?

நாம் கொடுக்கலாம் என்பதே என் பதில்.

இது நமக்குப் புதிய காரியமும் அன்று. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த ஓலைகள் எதற்காகக் குடத்தில் இடப்பட்டன என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஊரின் வருஷாந்திரக் காரியங்களுக்கு 12 பேர், தோட்டங்களுக்கு 12 பேர், ஏரியைக் கவனிப்பதற்கென்றே 6 பேர் என்று வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. முந்தின முறை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்று அந்தக் கல் சொல்கிறது. ஏரியில் தூர் வாருவதற்காக ஊர்ச்சபையிடம் பொன்னை வைத்து, அந்த முதலைத் தொடாமல் அதில் வரும் பலிசை என்னும் வட்டியைக் கொண்டு வருஷந்தோறும் வேலை நடக்கும்படி தர்மம் ஏற்படுத்தியவர்களைப் பற்றிச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பல இடங்களில் பேசுகின்றன. அந்தப் பொன்னைக் கொடுத்தவர்கள் எல்லோரும் ராஜாக்கள் அல்லர். கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர்களைப் போன்ற சாதாரணக் குடும்பஸ்தர்களும் வியாபாரிகளும் அவர்களில் உண்டு.

ஏரியை ஊராரே பராமரிக்கும் அந்த வழக்கமே குடிமராமத்து என்ற பெயரில் பிற்காலம் வரை நீடித்தது. வெள்ளைக்காரர் அதைச் சட்டமாக்கி, 1858இல் சென்னை ராஜதானியில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். மனமுவந்து செய்தது கட்டாயமானதும், பொதுப்பணி இலாகாவின் கை ஓங்க ஓங்க ஊராரின் கை தளர்ந்துபோயிற்று. 2017இல் தமிழ்நாட்டு சர்க்கார் அந்தப் பெயரைப் புதுப்பித்து, முதல் வருஷத்தில் 100 கோடி ரூபாய் ஒதுக்கி, 1,519 வேலைகளை எடுத்துக்கொண்டது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனக்காரர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. பெயரளவில் நின்ற இடங்களும் உண்டு என்றாலும், அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற எண்ணம் அருமையானது. தன் காசு கொஞ்சமாவது உள்ளே போனால்தான் மனிதன் வந்து எட்டிப் பார்க்கிறான்.

நம் தேசத்தில் இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம் ராஜஸ்தானத்து ஆர்வரி நதி. ஆல்வார் ஜில்லாவில், வறண்டு கிடந்த அந்தச் சிற்றாற்றின் நீர்ப்பிடிப்பு முழுவதிலும், தருண் பாரத் சங்கத்தாரின் துணையோடு 1980களின் பிற்பகுதியிலிருந்து கிராமத்தார்கள் ஜோஹட் என்னும் மண்கரைக் குட்டைகளை வெட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் செலவில் தங்கள் பங்கை உழைப்பாகவும் கல்லாகவும் மண்ணாகவும் தந்தார்கள். 1990களின் நடுவில் அந்த ஆற்றில் வருஷம் முழுவதும் ஜலம் ஓடத் தொடங்கியது. ஆறு ஓடத் தொடங்கியதும் அதில் வந்த மீனுக்கு வெளியார் உரிமை கோரவே, எழுபது கிராமங்கள் வரையில் கூடி, 1999இல் ஆர்வரி ஜனசபை ஒன்றை அமைத்துக்கொண்டு தங்கள் ஜலத்துக்குத் தாங்களே விதிகள் செய்துகொண்டார்கள். ஆர்வரி கிராமத்து ஆறு, முளா நகரத்து ஆறு. அங்கே குறை வறட்சி, இங்கே குறை கழிவு என்பதை நான் மறக்கவில்லை. நகரத்துக்குள்ளும் செய்யலாம் என்பதற்குப் பூனாவிலேயே ஜீவித்நதி என்ற பெயரில் 2014 முதல் நடந்துவரும் முயற்சி இருக்கிறது. முட்டாக் கரையில் விட்டல்வாடியையும், ஔந்துப் பக்கத்தில் ராமநதி முளாவில் கலக்கிற இடத்தையும் போன்ற துண்டுகளைத் தத்து எடுத்துக்கொண்டு, வாரந்தோறும் அங்கே கூடி, குப்பை அகற்றி, குழந்தைகளுக்குப் பறவையும் பூச்சியும் காட்டி, ஆற்றின் குணதோஷங்களைக் குறித்து வருகிறார்கள். அவர்கள் மராத்தியில் செய்வதை நாம் தமிழில் செய்ய வேண்டியதில்லை. அவர்களோடு சேர்ந்து செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். நாலாக்களைத் திருப்பிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பதும், விஷத் திரவியங்களை விடுகிற தொழிற்கூடங்களைத் தண்டிப்பதும் மாநகராட்சியின் கடமை, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. அந்தக் கடமையை நாம் ஏற்றுக்கொள்ளவும் கூடாது, நம் பத்தாயிரம் ரூபாயால் அது தீர்ந்துவிட்டதுபோல் காட்டிக்கொள்ளவும் கூடாது. வருஷத்தில் ஒருநாள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் விளம்பரப் பலகைகளைக் கரையில் நடவும் இடம்கொடுக்கக் கூடாது; அந்தப் பலகைகளும் பிற்பாடு ஆற்றில்தான் விழுகின்றன.

கோயில் பணத்தைக் கோயிலுக்குத்தான் செலவிட வேண்டும் என்பவர்களுக்கு நான் தர்க்கம் சொல்லப்போவதில்லை. ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பேசித்தான் ஆகவேண்டும். இங்குள்ள ஆலய டிரஸ்டுகள் 1950ஆம் ஆண்டுப் பொது டிரஸ்டுகள் சட்டத்தின்கீழ் தர்மாதாய கமிஷனரிடம் பதிந்தவை. டிரஸ்டுப் பத்திரத்தின் நோக்கங்களில் இல்லாத காரியத்துக்குப் பணம் எடுக்க முடியாது. பத்திரத்தில் பொதுநல காரியங்கள் என்ற வாசகம் இருந்தால் அதுவே போதுமா என்று உங்கள் வக்கீலைக் கேளுங்கள். இல்லையென்றால், விழா வசூலின்போதே ஆற்றுக்கென்று தனி ரசீதுப் புத்தகம் ஒன்று வைத்து, இஷ்டப்பட்டவர்கள் கொடுப்பதைத் தனியே வாங்கி, நாலைந்து கோயில்களும் சங்கங்களும் சேர்ந்து பதிவு செய்கிற ஒரு சிறு டிரஸ்டில் சேர்ப்பிப்பதே நேரான வழி. அதில் பாதியைத் தொடாத முதலாக வங்கியில் போட்டு, மீதியையும் வட்டியையும் கொண்டு வேலையை நடத்தலாம். கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயில் வாசலில் தமிழிலும் மராத்தியிலும் ஒட்டிவிட வேண்டும். கணக்குக் காட்டாதவரை அடுத்த வருஷம் சேர்க்கக் கூடாது என்ற உத்திரமேரூர் விதியை அப்படியே எழுதிக்கொள்ளலாம். இவ்வாறு மூன்று வருஷம் நடத்திவிட்டால், முன்னே சொன்ன கம்பெனிச் சட்டத்தின் அத்தாட்சியும் நமக்குத் தானே சேர்ந்துவிடும். அப்போது உங்கள் பிள்ளைகள் வேலை செய்யும் கம்பெனிகளின் கதவைத் தட்டி, தண்ணீர் ஊற்றுகிற கூலிக்குப் பணம் கொடுங்கள் என்று தலைநிமிர்ந்து கேட்கலாம்.

முதல் வேலைக்கு நான் உத்தேசிக்கும் இடம் பவனா முளாவில் கலக்கிற முனைக்கும் ஹாரிஸ் பாலத்துக்கும் இடைப்பட்ட கரையில், சர்க்கார் நிலமாயுள்ள ஒரு துண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லையை நீலக்கோடு என்றும், நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடியதைச் சிவப்புக்கோடு என்றும் நீர்ப்பாசன இலாகா குறித்து வைத்திருக்கிறது. நீலக்கோட்டுக்குள் வேலி போடவோ மேடை கட்டவோ கூடாது. நமக்கு அவை வேண்டியதும் இல்லை. செடி நடுவதற்கும் களை எடுப்பதற்கும் மாநகராட்சியிடமும் இலாகாவிடமும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அது கிடைப்பதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆவணியில் கூட்டம் கூடித் தீர்மானம் செய்தால், டிரஸ்டுப் பதிவுக்கும் அனுமதிக்கும் கார்த்திகை, மார்கழி வரை ஆகிவிடும். தையில் ஜல்பர்ணி பறிக்க ஆரம்பிக்கலாம். செடி நடுவதை அடுத்த ஆனி மழைக்கு முன்னால் எடுத்துக்கொள்ளக் கூடாது. மழைக்கு முன் நட்டால் முதல் வெள்ளமே பாதியைக் கொண்டுபோய்விடும். ஆவணி, புரட்டாசியில் பெருக்கு வடிந்தபின் கரையின் மேல்பகுதியில் நடுவதே உசிதம் என்று இங்குள்ள மராத்தியத் தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள்.

மராத்தியில் மனு எழுதிக்கொடுப்பதையும், இரண்டு மாநகராட்சி ஆபீஸ்களுக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கி வருவதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ரசீதுப் புத்தகம் அச்சிடுவதையும், தண்ணீர் ஊற்றுவதற்கு ஆற்றோரத்துக் குடியிருப்பிலேயே ஓர் ஆளைப் பார்த்து மாதக் கூலி பேசி முடிப்பதையும் ஆலயக் குழுவினர் ஏற்றுக்கொண்டால், கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இவ்விஷயத்தை அன்னதானக் கணக்குக்கு அடுத்தபடியாகச் சேர்த்துக்கொண்டு, தேதியை எனக்கு முன்கூட்டித் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் விதேயன்,
தாபோடிவாசி ஒருவன்